முதலில் தண்ணீர், பிறகு சீப்பு

சுருட்டை முடியுள்ள பெண்பிள்ளையை என் பார்லருக்கு அழைத்து வரும் அம்மாக்களிடம் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். வீட்டில் என்ன சீப்பு இருக்கிறது? எந்த நேரத்தில் தலை வாருகிறீர்கள்? பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். பல் நெருக்கமான சாதாரணச் சீப்பு. காலையில் பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்னால், காய்ந்த தலையில், உச்சியில் கொஞ்சம் எண்ணெயைத் தொட்டு வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக வாருவது. பிள்ளை அழும். அம்மாவுக்குக் கோபம் வரும். சீப்போடு ஒரு கொத்து முடியும் வரும். "இந்த முடிய வச்சுக்கிட்டு தெனமும் என்ன பாடுபடுதேன் பாருங்கக்கா. பேசாம ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணி விட்ருங்க" என்பார்கள். பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான் இருக்கும்.

தூத்துக்குடியில் நான் தொழில் பழகியது 1990களின் கடைசியில். புருவம் திருத்துவது, பேசியல், மணப்பெண் அலங்காரம் இவைதான் பாடம். 'முடிப் பிரச்சினைகள்' என்று தலைப்புப் போட்டு, பொடுகு, உதிர்வு, நுனிப்பிளவு, இளநரை என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தோம். அந்த வரிசையில் சுருட்டையையும் எழுதச் சொன்னார்கள். வியாதிகளின் பட்டியலில் ஒரு முடி வகை! அதற்கு மருந்தாக எழுதப்பட்டது அயர்ன் பெட்டி. தென் மாவட்டங்களில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் நெளிமுடியும் சுருள்முடியும் கண்ணில் படும். நம் ஆட்களின் தலையில் இவ்வளவு பரவலாக இருக்கும் ஒன்றைக் கையாள ஒரு பாடம்கூட அந்தப் படிப்பில் இல்லை. நான் கற்றது முழுக்க நாற்காலிக்குப் பின்னால் நின்று கற்றதுதான்.

முதலில் முடியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். முடி முளைக்கும் குழி நேராக இருந்தால் முடியும் நேராக வளரும். குழி தோலுக்குள்ளேயே வளைந்திருந்தால் முடி சுருண்டு வெளியே வரும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நேர்முடி ஏறக்குறைய வட்டமாகவும் சுருள்முடி தட்டையாகவும் இருக்கும். உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் தடையில்லாமல் நுனிவரை இறங்கிவிடும். சுருள்முடியிலோ ஒவ்வொரு சுருளும் கொல்லிமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவு. எண்ணெய் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் வேர்ப்பக்கம் பிசுபிசுவென்றும் நுனி காய்ந்த நாராகவும் இருக்கிறது. முடியின் மேலே செதில் செதிலாக ஓர் உறை உண்டு. வளைவுகளில் அந்தச் செதில்கள் சற்றுத் தூக்கி நிற்கும். ஈரம் அங்கே சீக்கிரம் வெளியேறும், பக்கத்து முடியும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். காய்ந்த தலையில் சீப்பை இழுத்தால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு வெட்டு விழுகிறது. 'முடி கொட்டுது' என்று வருகிறவர்களின் சீப்பு முடியை வெள்ளைத் தாளில் போட்டுப் பார்ப்பேன். முனையில் வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை எல்லோருக்குமே உதிரும். குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் அது ஒடிந்தது. சுருட்டை முடிக்காரர்கள் கொண்டு வருவதில் பெரும்பகுதி ஒடிந்ததாகத்தான் இருக்கிறது.

ஆகவே அம்மாவை உட்கார வைத்து, பிள்ளையின் தலையை நனைத்துக் காட்டுவேன். அண்மையில் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை வந்தாள். இரட்டைப் பின்னலை அவிழ்த்ததும் முடி இரண்டு பக்கமும் பந்தாக எழும்பி நின்றது. பேசினில் சாய்த்து, முடி முழுக்கத் தண்ணீர் குடிக்கும்வரை நனைத்தேன். இதற்கு நாம் நினைப்பதைவிட நேரம் ஆகும். மேல் முடி நனைந்திருக்கும், உள்ளே விரலை விட்டால் காய்ந்தே இருக்கும். பிறகு கண்டிஷனரைத் தாராளமாக எடுத்து, காது மட்டத்துக்குக் கீழேயிருந்து நுனிவரை பூசினேன். தலையை நான்கு பாகமாகப் பிரித்து, மூன்று பாகத்தைக் கிளிப் போட்டு ஒதுக்கினேன். மீதமுள்ள பாகத்தில் முதலில் விரல். நுனியிலிருந்து ஒரு அங்குலம் மேலே பிடித்துக்கொண்டு அந்த அங்குலத்தை மட்டும் பிரிக்க வேண்டும். அது விட்டதும் இன்னொரு அங்குலம் மேலே. சிக்குக்கு மேலே ஒரு கை முடியை இறுக்கிப் பிடித்திருந்தால் இழுப்பு வேருக்குப் போகாது, பிள்ளைக்கு வலிக்காது. விரல் தடையில்லாமல் ஓடிய பிறகுதான் அகலப் பல் சீப்பு. நான்காவது பாகத்தை அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் பழக்கத்தில் உச்சியிலிருந்து தொடங்கினார். கையைப் பிடித்து நுனிக்குக் கொண்டு வந்தேன். பாதி முடிந்தபோது, "இவ அழவே இல்லியே" என்றார்.

ஈரத்தலையில் சீப்பு வைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வது நேர்முடிக்குச் சரி. நனைந்த முடி பலமிழந்து, இழுத்தால் நீளும், அப்புறம் ஒடியும். இறுகிய சுருள்முடியின் கணக்கு வேறு. அதில் உலர்ந்த உராய்வுதான் பெரிய எதிரி. நேர்முடியை ஓரளவு காயவிட்டு வாருங்கள், சுருட்டை முடியை ஈரத்தோடு அகலப் பல் சீப்பால் வாருங்கள் என்றுதான் அமெரிக்கத் தோல் மருத்துவர் அகாடமியும் சொல்கிறது.

கண்டிஷனர் பாட்டில் வருவதற்கு முன்னால் நம் ஆச்சிமார் என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். செம்பருத்தி இலையைப் பறித்து, தண்ணீர் விட்டுக் கசக்கி, கொழகொழவென்று வருவதை வடிகட்டித் தலையில் ஊற்றி, அந்த வழுவழுப்பு இருக்கும்போதே விரலால் சிக்கெடுத்தார்கள். ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துப் பூசினார்கள். சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்து அலசினார்கள். இந்த வழுவழுப்பு முடிமேல் படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கிறது. கண்டிஷனர் செய்கிற முக்கியமான வேலையும் அதுதான். சீயக்காயைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை சொல்வேன். அழுக்கை நன்றாகவே எடுக்கும். ஆனால் சரியாகச் சலிக்காத தூளை அப்படியே தலையில் தேய்த்தால் சுருளுக்குள் திப்பி மாட்டிக்கொண்டு புதுச் சிக்கு விழும். கொதிக்க வைத்து வடிகட்டிய தண்ணீராக ஊற்றுங்கள். அரப்புக்கும் இதே முறைதான்.

தேங்காய் எண்ணெயை நான் முழு மனதோடு சொல்வேன். 2003இல் மும்பையில் ரேலே, மோஹிலே என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது என்பதால் முடிக்குள் இறங்க முடிகிறது என்பது அவர்கள் விளக்கம். அவர்கள் வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் என் கை அனுபவம் அந்த முடிவோடு ஒத்துப்போகிறது. எப்போது தடவுவது என்பதில்தான் நம் வீடுகளில் கோளாறு. குளிப்பதற்கு முன்னால், இரவிலோ ஒரு மணி நேரம் முன்னதாகவோ, நுனிக்கு எண்ணெய் வையுங்கள். தண்ணீரில் முடி ஊதிப் பெருப்பதை அது தடுக்கும். காய்ந்த தலையில் காலையில் தடவும் எண்ணெய் பளபளப்பைத் தருமே தவிர ஈரத்தைத் தராது.

எங்கள் ஊருக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று கடல் காற்று. முடி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். உள்ளே ஈரம் போதாத சுருள்முடி வெளியிலிருந்து இழுத்து, ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு திசையில் ஊதும். பீச் ரோட்டில் சாயங்காலம் அரை மணி நேரம் நின்றால் போதும், காலையில் படியப் படிய வாரிய தலை சிலிர்த்து நிற்கும். முன்கூட்டியே நனைத்து, கண்டிஷனரோ ஜெல்லோ பூசிச் சுருளை ஒன்றாகச் சேர்த்து உலரவிட்ட தலை அவ்வளவாக அசைந்து கொடுக்காது. இன்னொன்று போர்த் தண்ணீர். கால்சியமும் மெக்னீசியமும் கலந்த கடின நீர் முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும். வீட்டுக்கெல்லாம் மெஷின் வாங்கச் சொல்லி நான் யாரையும் செலவில் இழுத்துவிடுவதில்லை. போர்த் தண்ணீரில் குளியுங்கள், கடைசி இரண்டு செம்பு மட்டும் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீராக இருக்கட்டும் என்பேன். அதிலேயே வித்தியாசம் கையில் தெரியும்.

குளித்த பிறகு நடப்பதும் முக்கியம். டர்க்கி டவலால் முறுக்குவது, கொண்டையாகச் சுற்றி வைப்பது, குனிந்து நின்று துண்டால் பட் பட்டென்று அடித்து உலர்த்துவது, இந்த மூன்றையும் விட்டுவிடச் சொல்வேன். பழைய ஈரிழைத் துண்டு போதும். கீழேயிருந்து மேலாக முடியை அள்ளி, உள்ளங்கையில் துண்டோடு வைத்துப் பிழிந்து விட வேண்டும். அப்போதே சுருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளும். ஜெல் வேண்டுமென்றால் ஆளி விதை இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி விதையை இரண்டு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் இறக்கி, சூடாக இருக்கும்போதே பழைய நைலான் துணியில் வடிகட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் வடியவே வடியாது. பிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். ஈரத்தலையில் பூசி, காயும்வரை கையை வைக்காமல் இருந்தால் முடி விறைப்பாகும். முழுக்கக் காய்ந்ததும் உள்ளங்கையால் மெல்லக் கசக்கிவிட்டால் விறைப்பு உதிர்ந்து சுருள் மட்டும் நிற்கும். காய்வதற்குள் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற பிள்ளைகளிடம்தான் இது பலிப்பதில்லை.

பேன் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பார்லரில் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். சுருட்டை முடியில் காய்ந்த தலையில் பேன்சீப்புப் போடுவது பெரிய கொடுமை. கண்டிஷனர் பூசி, சிக்கெல்லாம் எடுத்து, அந்த வழுவழுப்பிலேயே சின்னச் சின்னப் பாகமாகப் பேன்சீப்பை விட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஈரத்தில் பேன் ஓடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம் விடாமல் செய்தால் புதிதாகப் பொரிப்பதும் அகப்பட்டுவிடும்.

முடியை நேராக்கும் பாண்டிங்குக்கு வருகிறேன். 2000த்துக்குப் பிறகு எங்கள் பக்கம் ரீபாண்டிங் பரவியபோது நானும் பயிற்சி எடுத்துச் செய்தேன். என்ன நடக்கிறது என்று தெரிந்தே சொல்கிறேன். முடியின் உறுதி கெரட்டின் புரதத்துக்குள் இருக்கும் கந்தக இணைப்புகளில் இருக்கிறது. அம்மோனியம் தயோகிளைகோலேட் போன்ற ரசாயனம் கலந்த முதல் கிரீம் அந்த இணைப்புகளை உடைக்கும். ஒரு முடியை எடுத்து விரலில் சுற்றி இழுத்துப் பார்ப்போம். ரப்பராக நீண்டு சுருண்டு நின்றால் வெந்துவிட்டது என்று கணக்கு. அலசி உலர்த்தி, 180 டிகிரிக்கு மேல் சூடான அயர்னால் தகடு தகடாக இழுப்போம். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள இரண்டாவது கிரீம், உடைந்த இணைப்புகளை நேரான வடிவத்திலேயே பூட்டிவிடும். மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கக்கூடக் கூடாது. இத்தனை செய்தும் தோலுக்குள் இருக்கும் குழி வளைந்தே இருக்கிறது. மூன்றாம் மாதம் வேரில் மூன்று சென்டிமீட்டர் சுருள் எட்டிப் பார்க்கும். மறுபடியும் கிரீம். பழைய நேர்முடியும் புதுச் சுருளும் சேருமிடம்தான் பலவீனமான கோடு, அங்கேதான் ஒடியும்.

'கெரட்டின்' என்ற பெயரில் வருபவற்றில் பல, சூடு பட்டதும் பார்மால்டிஹைடு ஆவியை விடுபவை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. வாடிக்கையாளர் எப்போதோ ஒரு நாள் வருகிறார். அயர்ன் பிடிக்கும் பெண்பிள்ளை கதவைச் சாத்திய ஏசி அறையில் தினமும் அதைச் சுவாசிக்கிறாள். 'பார்மால்டிஹைடு இல்லாதது' என்று வருகிற சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. அப்படி ஒரு கிரீமால் மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்ட 26 வயதுப் பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு இன்னும் பெரியது. 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்தார்கள். ஆய்வில் சேர்வதற்கு முந்தைய ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் முடி நேராக்கும் ரசாயனம் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. 70 வயதுக்குள் என்று கணக்கிட்டால் 1.64 சதவீதத்துக்கு எதிராக 4.05 சதவீதம். இது தொடர்பைக் காட்டும் கணக்கு, இதுதான் காரணம் என்ற நிரூபணம் இல்லை. நோய் அரிதானதுதான். என்றாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் அந்தக் கிரீமை வைக்க எனக்கு மனம் வரவில்லை. சிறு பிள்ளைகளுக்கு என் பார்லரில் பாண்டிங் கிடையாது. பெரியவர்கள் கேட்டால், இதையெல்லாம் சொன்ன பிறகும் வேண்டுமென்றால், வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகவே முடியை நேராக்க வருகிறவர்கள் உண்டு. அந்த வீடுகளில் கல்யாணத்துக்குப் பிறகும் மூன்று மாதத்துக்கொரு முறை செலவு தொடர்கிறது.

அந்த அமெரிக்க ஆய்வில் ரசாயனம் பயன்படுத்தியவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் கறுப்பினப் பெண்கள். நம்முடையதைவிட இறுகிய, பேனா ரீஃபில் தடிமனில் சுருளும் முடிக்காக அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேச்சு வாங்கியிருக்கிறார்கள். முடியின் காரணமாக வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 2019இல் சட்டமே போட்டது. இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அமெரிக்க நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் தொகுத்து வழங்கி 2009இல் வந்த 'குட் ஹேர்' ஆவணப்படம், இந்தியக் கோயில்களில் மொட்டை போட்ட முடி கடல் கடந்து போய், கறுப்பினப் பெண்கள் தங்கள் சுருளை மறைக்கத் தைத்துக்கொள்ளும் முடியாவதைக் காட்டுகிறது. சாமிக்கு வேண்டிக்கொண்டு கொடுத்த முடி இன்னொருத்தியின் முடியை ஒளித்து வைக்கப் போகிறது என்பதை அறிந்தபோது எனக்கு மனம் கனத்தது.

எங்கள் ஊரில் காற்று மாறியது ஒரு மலையாளப் படத்தால். 2015இல் 'பிரேமம்' வந்தது. அனுபமா பரமேஸ்வரன் நடித்த மேரியின் படத்தை போனில் வைத்துக்கொண்டு, "எனக்கும் இப்படித்தானே இருக்கு, ஏன் இவங்கள மாதிரி விழ மாட்டேங்குது?" என்று கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். அந்தக் கேள்விக்காக நான் வருஷக்கணக்கில் காத்திருந்தேன். 'பரட்டை', 'ஸ்பிரிங்', 'நூடுல்ஸ்' என்று கூப்பிடப்பட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். இப்போது பையன்களும் வருகிறார்கள். காலங்காலமாக சுருட்டை முடிப் பையன் என்றால் ஒட்ட வெட்டிவிடுவதுதான் வழக்கம். தன் முடி எப்படிச் சுருளும் என்பதே இருபது வயதுவரை பல பையன்களுக்குத் தெரிவதில்லை.

வெட்டும் முறையும் வேறு. நனைத்துச் சீவி நேராக்கி ஒரே மட்டமாக வெட்டினால், காய்ந்ததும் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நிற்கும். நெற்றிப்பக்கச் சுருளும் பிடரிச் சுருளும் ஒரே தலையில் ஒரே அளவாக இருப்பதில்லை. உலர்ந்த முடியில் ஒவ்வொரு சுருளாகப் பிடித்து, அது இயல்பாக விழும் இடத்தைப் பார்த்து வெட்ட வேண்டும். ஒரு தலைக்கு ஒன்றரை மணி நேரம் போகும். கூடுதலாகத்தான் வாங்குகிறேன். அதில் ஒளிவுமறைவு இல்லை.

பள்ளிக்கூடங்களோடு மட்டும் இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டிய ரிப்பன், ஒரு முடிகூட வெளியே நீட்டாத தலை என்பது விதி. விதி இருக்கட்டும். பின்னலை இறுக்க இறுக்க நெற்றி ஓரத்து முடி இழுபட்டு, சில வருஷத்தில் அங்கே வழுக்கை தெரியத் தொடங்குகிறது. இரவில் ஈரத்தலையில் தளர்வாகப் பின்னி, வழுவழுப்பான சாட்டின் துணியில் தலை வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். காலையில் வேர்ப்பக்கம் மட்டும் தண்ணீர் தெளித்துக் கையால் படிய வைத்து ரிப்பன் கட்டலாம். 'தலை கலைந்திருக்கிறது' என்று டைரியில் எழுதி அனுப்பிய ஆசிரியையை ஓர் அம்மா நேரில் போய்ப் பார்த்து, மகளின் நெற்றியைக் காட்டிப் பேசிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு டைரியில் அப்படி எழுத்து வரவில்லை.

என்னிடம் இப்போது வருகிறவர்களில் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், பத்து வருஷத்துக்கு மேல் பாண்டிங் செய்துகொண்டிருந்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். காது வரை சுருள், அதற்குக் கீழே கம்பியாக நேர்முடி. இந்த இடைக்காலம்தான் கடினம். பொறுக்காமல் பாதிப் பேர் மறுபடி கிரீமுக்குப் போய்விடுகிறார்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வளரும். அவசரப்படுத்த எந்த எண்ணெயாலும் முடியாது. இரண்டு வகையும் ஒன்றாகத் தெரிய, ஈரத்தில் இரண்டிரண்டு புரியாக முறுக்கி இரவு வைத்திருந்து காலையில் பிரித்துவிடச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோட்டில் ஒடியாமல் இருக்க, வாரம் ஒரு முறை எண்ணெய், கண்டிஷனர், விரல் மட்டும். ஒவ்வொரு முறை வரும்போதும் நேர்முடியில் இரண்டு அங்குலம் வெட்டுகிறோம். கடைசித் துண்டு போகும்போது முடி கழுத்து மட்டத்தில்தான் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "வீட்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன் மேடம், நீங்க வெட்டுங்க" என்றார்.